ஜவளகிரியில் ஒரு மஞ்சள் விளக்கு

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கர்நாடகத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் சிற்றூர் ஜவளகிரி. ஓசூரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் பேருந்து, தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளைப் பின்னே விட்டு, கேழ்வரகுக் கொல்லைகளையும் ரோஜாத் தோட்டங்களையும் கடந்து தளியை அடைகிறது. ஆங்கிலேயர் தம் நாட்டுக் குளிரை நினைத்துத் தளிக்குக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று செல்லப் பெயர் சூட்டினர். அங்கிருந்து இன்னும் சிறிது தொலைவு சென்றால் ஜவளகிரி. அதற்கப்பால் காடு, காட்டிற்கப்பால் கன்னட நாடு.

இவ்வூர்ச் சந்தையில் ஐந்து நிமிடம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் காதில் விழும். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழிகளைக் கலந்து பேரம் பேசுவோரும் உண்டு. திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்த இந்த மேட்டுநிலத்தின் பெரும்பகுதி, மைசூர்ப் போர்களில் கைமாறி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1791இல் காரன்வாலிஸின் படைகள் ஓசூரையும் இராயக்கோட்டையையும் பிடித்தன. 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கை பாராமகாலை அவர்களுக்கு அளித்தது. சேனைகள் நடந்த அந்த வழிகளில் இன்று லாரிகள் செல்கின்றன. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின்னர் சுற்றுப்புறச் சிற்றூர்களின் இளைஞர்கள் பலர் கலப்பையை விட்டு ஸ்பானரைப் பிடித்தனர். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது.

ஜவளகிரியைப் பற்றி நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் அதன் வரலாறு அன்று, ஒரு வண்டி. உண்மையைச் சொன்னால், ஓர் அமானிதம்.

அண்ணன் ஒப்படைத்த சாவி

வளைகுடா நாட்டில் பணிபுரியும் என் அண்ணன், சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தபோது டீசல் வேன் ஒன்றை வாங்கி, அதன் உட்புறத்தை மாற்றி அமைத்தார். இரண்டு படுக்கைகள், சிறிய அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, திரைச்சீலை. திரைப்படப் படப்பிடிப்புகளில் நிற்குமே ‘கேரவன்’, அதன் ஏழைத் தம்பி என்று சொல்லலாம். ஆடம்பரத்திற்காக அவர் அதைச் செய்யவில்லை. எங்கள் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின்னர் அவர்களால் அரைமணி நேரத்திற்கு மேல் உட்கார முடிவதில்லை. படுத்தபடியே பயணம் செய்ய ஒரு வண்டி இருந்தால் உறவினர் வீடுகளுக்கு அழைத்துச் செல்லலாமே என்பது அண்ணனின் ஆசை.

‘கேரவன்’ என்ற சொல் ‘கார்வான்’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது. பாலைவழியில் ஒட்டகங்கள் வரிசையாகச் செல்லும் வணிகக் கூட்டத்தையே அது குறித்தது. குறைஷியரின் மாரிக்காலப் பயணத்தையும் கோடைக்காலப் பயணத்தையும் திருமறையின் 106ஆம் அத்தியாயம் நினைவூட்டுகிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகச் சரக்குடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்று வந்ததை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். இன்று ஒட்டகத்தின் இடத்தில் என்ஜின் நிற்கிறது. ஆனால், பயணத்துக்கு முன் வாகனத்தைப் பேண வேண்டிய கடமை மாறவில்லை.

அம்மா ஜவளகிரியில் அக்காவின் வீட்டில் இருந்ததால், வண்டியும் அங்கேயே மச்சானின் கொட்டகையில் நின்றது. அண்ணன் ஊர் திரும்பும் நாளில் சாவியை என் கையில் தந்து, “தம்பி, மாதம் இருமுறையாவது அரைமணி நேரம் ஓட்டி வா. நிறுத்தியே வைத்தால் வண்டி கெட்டுவிடும்” என்றார். நான் ஓசூரில் வேலை பார்ப்பவன். முதல் இரண்டு மாதங்கள் சென்றேன். பிறகு வேலை, மழை, சோம்பல் என்று காரணங்கள் வரிசையாக வந்தன. அண்ணன் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், “வண்டி நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவந்தேன். ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் அதன் கதவைக்கூட நான் திறக்கவில்லை.

அந்நிலையில் அண்ணன் மகளின் நிக்காஹ் கிருஷ்ணகிரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என உறுதியாயிற்று. அம்மாவை அழைத்து வரும் பொறுப்பு எனக்கு. வெள்ளிக்கிழமை தளியில் ஜும்ஆ தொழுதுவிட்டு, மூன்று மணியளவில் ஜவளகிரி சென்று சேர்ந்தேன்.

கொட்டகையில் கண்டது

கேழ்வரகு அறுவடை நெருங்கும் காலம். கொட்டகையின் ஒரு புறம் பழைய வைக்கோல். மறுபுறம் தூசியடைந்து நின்றது வண்டி. சாவியைத் திருப்பினேன். ஓசையே இல்லை. பேட்டரி உயிரற்றுக் கிடந்தது.

மச்சான் தம் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் பேட்டரியும் 12 வோல்ட் என்பதை உறுதி செய்துகொண்டு கம்பிகளை இணைத்தோம். முதலில் நேர்முனைக்கு நேர்முனை. அடுத்து டிராக்டரின் எதிர்முனையிலிருந்து வரும் கம்பியை எங்கள் வண்டி பேட்டரியின் மேல் வைக்காமல், என்ஜினின் வெற்று இரும்பில் கவ்வச் செய்தோம். பேட்டரியின் அருகே தீப்பொறி எழுந்தால் அதிலிருந்து கசியும் வாயு வெடிக்கக்கூடும் என்பதால் இந்த முறை.

சாவியைத் திருப்பியதும் மீட்டர் பலகையில் எல்லா விளக்குகளும் ஒருசேர எரிந்தன. அதைக் கண்டு அக்காவின் மகன் பதறினான். பதற வேண்டியதில்லை. விளக்குகள் உயிருடன் இருக்கின்றனவா என்று வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சில விநாடிகள் அவை. என்ஜின் உறுமி எழுந்தது. எண்ணெய்க் கிண்டி வடிவிலான சிவப்பு விளக்கு மூன்று விநாடிகளில் அணைந்தது. ஆனால், மூன்று விளக்குகள் அணையவில்லை. பேட்டரிப் படமிட்ட சிவப்பு விளக்கு ஒன்று. டீசலில் நீர் கலந்திருப்பதைக் காட்டும் மஞ்சள் விளக்கு ஒன்று. என்ஜின் படமிட்ட மஞ்சள் விளக்கு இன்னொன்று.

பதினைந்து மாதங்களாக நான் சொல்லிவந்த பொய்யை அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுத்துவதுபோல் தோன்றிற்று.

தளியிலிருந்து வந்த மெக்கானிக்

மச்சான் தொலைபேசியில் அழைக்க, அஸர் தொழுகைக்குப் பின் தளியிலிருந்து முதியவர் ஒருவர் இருசக்கர வண்டியில் வந்து இறங்கினார். ஓசூர்த் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் டீசல் என்ஜின்களோடு பழகியவர். தெலுங்கு மணக்கும் தமிழில் பேசினார். வந்தவுடன் ஸ்பானரை எடுக்கவில்லை, கேள்விகளைத்தான் எடுத்தார்.

“எத்தனை மாதமாக நிற்கிறது பாய்? டேங்கில் எவ்வளவு டீசல் விட்டு நிறுத்தினீர்கள்?”

“பதினைந்து மாதம். கால் பங்கு இருந்தது” என்றேன்.

“நிறைத்து நிறுத்தியிருக்க வேண்டும்” என்று தலையசைத்தார். தொட்டியில் முக்கால் பங்கு வெற்றிடமாக இருந்தால் அங்கே காற்று நிற்கும். இந்த மேட்டுநிலத்தில் பகலில் வெயில், இரவில் குளிர். காற்றிலுள்ள ஈரம் இரவில் தொட்டியின் சுவரில் துளித்துளியாகப் படிந்து டீசலில் வடியும். நீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகி, பாசிபோன்ற கசடு உண்டாகும்.

அவர் பணி செய்த ஒழுங்கு என்னைக் கவர்ந்தது. “முதலில் மின்சாரம், பிறகு டீசல், கடைசியில்தான் கம்ப்யூட்டர்” என்றார். பேட்டரியில் மின்னழுத்தம் குறைந்திருந்தால் வண்டியின் மின்னணுக் கருவிகள் குழம்பி, இல்லாத பழுதையும் இருப்பதாகக் காட்டும். ஆகவே அதைச் சரிசெய்யாமல் மற்றவற்றை ஆராய்வது வீண்.

மீட்டரை வைத்து அளந்தார். முழுதாக மின்னேறிய பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே போனால் அது காலி என்றே கொள்ளலாம். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்னேற்றுவதால் 14ஐ ஒட்டி இருக்கவேண்டும். எங்கள் வண்டியில் என்ஜின் ஓடும்போதே 11.8தான் இருந்தது. டார்ச் விளக்கை அடித்துத் தேடினார். ஆல்டர்னேட்டருக்குச் செல்லும் மெல்லிய கம்பி ஒன்றின் மேலுறையை எலி கடித்துத் தின்றிருந்தது. உள்ளிருந்த செம்பு என்ஜினின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வைக்கோல் இருக்கும் கொட்டகையில் எலி இருக்காதா? கம்பியைச் செப்பனிட்டுச் சுற்றியதும் மீட்டர் 14.1 காட்டியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

அடுத்து, டீசல் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் புட்டி ஒன்றில் பிடித்தார். சற்றுநேரத்தில் மேலே பழுப்பு நிற டீசல், கீழே தெளிந்த நீர் என இரண்டாகப் பிரிந்தது. அரை டம்ளர் நீர் இருக்கும். வடித்து முடித்ததும் இரண்டாவது விளக்கும் அணைந்தது.

எஞ்சியது ஒன்றுதான், என்ஜின் படமிட்ட மஞ்சள் விளக்கு. ஸ்டீயரிங்கின் கீழே உள்ள துளையில் தீப்பெட்டி அளவிலான ஸ்கேனரைச் செருகி, கைப்பேசியில் பார்த்தார். வண்டியின் நினைவில் இரண்டு குறியீடுகள் பதிந்திருந்தன. பி 0562 என்பது மின்னழுத்தக் குறைவு. பி 0087 என்பது டீசல் குழாயில் அழுத்தக் குறைவு. இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே அழித்தார். “எழுதாமல் அழிப்பது, நோயாளி சொன்னதைக் கேட்காமல் வாயை மூடுவது போன்றது” என்றார்.

ஏரிக்கரை மேடுவரை ஓட்டிப் பார்த்தோம். மேடேறும்போது என்ஜின் தயங்கியது; மஞ்சள் விளக்கு மீண்டும் எரிந்தது. அதே பி 0087. முதல் குறியீடு திரும்பவில்லை. ஆக, ஒன்று பழைய கதை. மற்றொன்று இன்றைய பழுது. வடிகட்டி கசடால் அடைபட்டு, என்ஜின் கேட்கும் அளவு டீசல் செல்லவில்லை என்று கணித்தார். புதிய வடிகட்டி தளியில்தான் கிடைக்கும். கடை காலையில்தான் திறக்கும்.

மக்ரிபுக்குப் பின் ஒரு வாதம்

அதற்குள் மக்ரிப் ஆகிவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை காலையில் கிருஷ்ணகிரியில் ஆயிரம் வேலைகள். சமதளத்தில் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது? சிவப்பு விளக்கு ஒன்றும் இல்லையே?

“மஞ்சள்தானே, மெதுவாக ஓட்டிச் சென்றுவிடுகிறேன்” என்றேன்.

முதியவர் கைகளைத் துடைத்தபடி சொன்னார்: “சிவப்பு என்றால் உடனே நிறுத்து. மஞ்சள் என்றால் பார்த்துவிட்டுப் போ. பார்த்தாயிற்று, பழுது தெரிந்தாயிற்று. தெரிந்த பிறகும் போனால் அதற்கு மெக்கானிக் என்ன செய்வது? வீட்டு வாசலில் நின்றால் இது வெறும் வண்டி. காட்டு வழியில் நின்றால் உள்ளே படுத்திருப்பது உங்கள் தாய்.”

மச்சானும் அதையே சொன்னார். ஜவளகிரிக் காடு, பன்னேர்கட்டா தேசியப் பூங்காவிலிருந்து யானைக் கூட்டங்கள் தமிழகத்திற்குள் நுழையும் வாயில். ஆண்டுதோறும் மழைக்காலத்தின் பிற்பகுதியில், கேழ்வரகு முற்றும் பருவத்தில் அவை இவ்வழியே வந்து, தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்க் காடுகளில் சில மாதங்கள் சுற்றித் திரும்பும். 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காடு யானைக்கு உரிமையான வீடு. சாலையில் நின்றுபோகும் வண்டிதான் அங்கே அத்துமீறல்.

நான் இன்னும் வாதிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“தம்பி, நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமைதானே? இன்று வெள்ளிதான். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போடாதே.”

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனை நம்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகத் திர்மிதி நூலில் வரும் செய்தியை, என் சிறுவயதில் எனக்குச் சொல்லித் தந்தவர்களே அம்மாதான். நான் பேச்சை நிறுத்தினேன். பதினைந்து மாதங்கள் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டவன் நானே என்பது அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் வெகுநேரம் உறக்கம் வரவில்லை. நள்ளிரவில் வயல்பக்கம் பட்டாசு வெடித்தது. காவலுக்கு நின்றவர்கள் தகரம் தட்டி நான்கு மொழிகளிலும் கூவினர். பின்னர், தொலைவில் ஒரு பிளிறல். அக்காவின் வீட்டுச் சன்னலில் நின்று அந்த இருட்டைப் பார்த்தேன். அவ்விருட்டின் நடுவே எங்கோ ஒரு மேட்டில் என்ஜின் அடங்கி, எழுந்து நடக்க இயலாத தாயோடு நான் நிற்பதாக எண்ணிப் பார்த்தபோது உடல் நடுங்கியது.

காலையில் கிடைத்த விடை

சனிக்கிழமை காலை முதியவர் புதிய வடிகட்டியோடும், இரண்டு கேன்களில் புதிய டீசலோடும் வந்தார். பழைய வடிகட்டியைப் பிளந்து காட்டினார். மடிப்புகளில் கரிய கசடு களிம்புபோல் அப்பியிருந்தது. தொட்டியில் இருந்த பழைய டீசல் முழுவதையும் வடித்தெடுத்து, தொட்டியைக் கழுவி, புதியதை ஊற்றினார். கைப்பம்பை அழுத்திக் குழாயில் நின்ற காற்றை வெளியேற்றினார். காற்று நின்றால் டீசல் என்ஜின் இயங்காது.

குளிர் மிகுந்த காலை. சாவியைத் திருப்பியதும் சுருள்கம்பி வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தது. அது பழுதன்று, உள்ளே சூடேறுகிறது, பொறு என்னும் அடையாளம். அது அணைந்த பிறகே என்ஜினை இயக்கவேண்டும். பெட்ரோல் என்ஜினைப்போல் தீப்பொறியால் அன்றி, காற்றை அழுத்துவதால் எழும் வெப்பத்தாலேயே டீசல் எரிகிறது. ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய தத்துவம் இது. மேலும் கீழும் செல்லும் தண்டின் அசைவையும் சக்கரச் சுழற்சியையும் இணைக்கும் நுட்பத்தை, அவருக்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் முன்பே, 1206இல் நிறைவுபெற்ற தம் நூலில் அல்ஜஸரீ என்னும் முஸ்லிம் பொறியாளர் நீரிறைக்கும் பொறியில் விளக்கியிருந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அவரைப் போன்ற முன்னோரின் பெருமையைப் பேசும் நாம், ஒரு வடிகட்டியை மாற்றும் கடமையை மறக்கலாகாது.

குறியீட்டை அழித்து, மீண்டும் ஏரிக்கரை மேட்டில் இருமுறை ஏற்றிப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை. பிரேக்கையும் சக்கரக் காற்றையும் சோதித்தார். நெடுநாள் நின்ற வண்டியில் பிரேக் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது உண்டு. காப்பீட்டுச் சான்றும் புகைச் சான்றும் காலாவதியாகவில்லையா என்று நான் பார்த்தேன். புகைச் சான்று முடிந்திருந்தது. முதல் வேலையாகத் தளியில் அதனைப் புதுப்பித்துக்கொண்டேன்.

அம்மாவைப் படுக்கையில் கிடத்தி, பயண துஆ ஓதிப் புறப்பட்டோம். தளி, ஓசூர், சூளகிரி வழியாக மேட்டுநிலம் மெல்லத் தாழ்ந்து கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகளை நோக்கி இறங்கியது. அம்மா திரையை விலக்கி வழிநெடுகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அஸருக்கு முன் வீடு சேர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

வாசலுக்கு ஓடிவந்த அண்ணன், “வண்டி தொல்லை தரவில்லையே?” என்றார். இம்முறை “நன்றாக இருக்கிறது” என்று சொல்லி நழுவ மனம் இடம் தரவில்லை. நடந்ததனைத்தையும், நான் சொல்லிவந்த பொய்களையும் சொல்லி, அமானிதத்தைப் பேணாததற்கு மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு என் தோளில் கைவைத்து, “அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுவந்தாயே, போதும்” என்றார். மறுநாள் நிக்காஹ் மஜ்லிஸில், பெண்கள் பகுதியில் சாய்வுக் கட்டிலில் படுத்தபடி பேத்திக்கு துஆ செய்தார்கள் அம்மா.

வண்டி வைத்திருப்போர் கவனிக்க

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நாடெங்கும் எத்தனையோ வண்டிகள் மாதக்கணக்கில் நின்றன. இன்றும் அயல்நாட்டில் உழைப்போரின் வண்டிகள் நம் வீட்டு வாசல்களில் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. அத்தகைய குடும்பங்களுக்காக, அம்முதியவரிடம் கற்றவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. நெடுநாள் நிறுத்துமுன் டீசல் தொட்டியை நிறைத்துவிடுங்கள். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வையுங்கள்.

2. ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது நன்மையைவிடத் தீமையே செய்யும். என்ஜினை இயக்கச் செலவான மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பாது. அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள்.

3. எண்ணெய் அழுத்தம், என்ஜின் சூடு, பிரேக் ஆகியவற்றின் சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் காரணத்தை அறியாமல் நெடும்பயணம் மேற்கொள்ளாதீர்கள்.

4. பேட்டரியைச் சரிசெய்த பின்னரே மற்றப் பழுதுகளைத் தேடுங்கள். குறியீடுகளை எழுதி வைத்த பின்னரே அழிக்கச் சொல்லுங்கள். அழித்த பின்னும் திரும்பி வருவதே உண்மையான பழுது.

5. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. குறுந்தூரமே ஓடினால் அது அடைபட்டு விளக்கு எரியும். பெரிய வண்டிகள் பலவற்றில் யூரியாக் கரைசல் தொட்டியும் உண்டு. அது ஓராண்டுக்கு மேல் நின்றால் தரம் குன்றக்கூடும், மாற்றிவிடுங்கள்.

6. வண்டியின் அருகே வைக்கோலும் தானியமும் வேண்டாம். எலிக்குக் கம்பியும் உணவே.

வண்டியின் விளக்கு எரிவதைக் குறை என்று எண்ணிவந்தேன். அது வண்டி நமக்குச் செய்யும் நன்மை என்பதை ஜவளகிரியில் உணர்ந்தேன். இப்போது மாதம் இருமுறை, ஞாயிறு காலைகளில் ஜவளகிரி செல்கிறேன். வண்டியை ஓட்டுவதற்காகப் போகிறேன் என்றுதான் தொடக்கத்தில் எண்ணினேன். ஆனால், அரைமணி நேரம் ஓடும் அந்த வண்டியின் படுக்கையில் அம்மாவும் உடன் வருகிறார்கள். கேழ்வரகுக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு பழங்கதை பேசுகிறார்கள். பதினைந்து மாதங்களில் நான் இழந்தது பேட்டரியை மட்டுமன்று என்பது அப்போது புரிகிறது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் அமானிதத்தையும் பேணும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.